முன்னால் போக மறுத்த வெந்தயம்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் அதை விழுங்குகிறவர் தணிகாசலம். அவருக்கு உடம்பிலும் சர்க்கரை, நாக்கிலும் சர்க்கரை.

அன்று நடைப்பயிற்சி முடித்து வந்தவர் கையில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தார். சூடாக ஒரு ஜிலேபி.

"நடந்தாச்சு. வெந்தயத்தையும் குடிச்சிட்டா இது ஒண்ணும் பண்ணாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜிலேபி சிரித்தது. "நீங்க முன்னால போங்க அண்ணே, நான் பின்னாலயே வந்துடறேன். வழக்கம்தானே!"

வெந்தயத்துக்குச் சுரீரென்றது. "ராத்திரி பூரா தண்ணியில கிடந்து ஊறுறது உனக்குக் கட்டியம் கூறவா? போகமாட்டேன், போ!"

"நமக்கெதுக்குப் பொல்லாப்பு? விழுங்கினா போயிட்டே இருப்போம்" என்றது பக்கத்து அட்டையில் இருந்த சத்து மாத்திரை.

"நீ வேணா போ."

தணிகாசலம் அண்ணாந்து டம்ளரைக் கவிழ்த்தார். தண்ணீர் மட்டும் இறங்கியது. வெந்தயம் கொழகொழவென்று அடியைக் கவ்விக்கொண்டது. தட்டினார், உலுக்கினார். ஒரு மணிகூட விழவில்லை.

"அண்ணே, சீக்கிரம்! நான் ஆறிப்போறேன்" என்று ஜிலேபி கெஞ்சியது.

வெந்தயம் அசையவில்லை.

வெந்தயம் உள்ளே போகாமல் ஜிலேபியைத் தொடத் தணிகாசலத்துக்குத் துணிச்சல் வரவில்லை. பொட்டலத்தை மடித்து, வாசலில் கூடையை இறக்கிய பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். மனசில்லாமல் டம்ளரை இன்னொரு தடவை கவிழ்த்தார்.

வெந்தயம் தானாக வழுக்கி இறங்கியது. தொண்டையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் வரவில்லை.