மைனா பிடித்த பாலிசி

புயல் வரும், கிளை ஒடியும் என்று மூச்சுவிடாமல் பேசி, காக்கை ஆறு வருஷமாகக் கூடுகளுக்கு இன்சூரன்ஸ் விற்றது. போன மாதம் சேர்ந்த மைனா அதை முந்திவிட்டது. வயிறு எரிந்த காக்கை, "அப்படி என்னதான் பேசுகிறான் பார்ப்போம்" என்று மைனாவின் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து போனது.

மைனா பேசவே இல்லை. "உங்களுக்கு எதை நினைச்சா பயம், அக்கா?" என்று கேட்டுவிட்டு, கூடு கூடாகச் சும்மா உட்கார்ந்திருந்தது.

"இதெல்லாம் ஒரு திறமையா?" என்று காக்கை முணுமுணுத்தது.

கடைசியாக மைனா போய் உட்கார்ந்தது காக்கையின் சொந்தக் கூட்டில். காக்கையின் மனைவி மெதுவாகச் சொன்னது:

"இரை தேடப் போற நேரத்துல குயில் வந்து முட்டையை மாத்திடுமோன்னுதான் பயம். வீட்லயே ஏஜென்ட் இருக்காரு தம்பி, ஒரு நாளும் கேட்டதில்லை. கையெழுத்து எங்க போடணும்?"