ஆறடி மரம்

இந்தக் கிறிஸ்துமஸுக்கு நிஜ மரம் வேண்டவே வேண்டாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். வார்டில் நின்று கால் கடுத்து வருபவளுக்கு, வீட்டில் உதிரும் ஊசியிலைகளைப் பெருக்கி மாளவில்லை. கணவன் முனகிக்கொண்டே ஆறடி பிளாஸ்டிக் மரம் வாங்கிவந்து, பழைய மரத்தின் தண்ணீர்த் தொட்டியிலேயே நிறுத்தினான்.

மறுநாள் காலை, தூக்கக் கலக்கத்தில் பழக்கதோஷமாக அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டாள்.

“அது என்ன உன் வார்டு பேஷண்ட்டா, விடிஞ்சதும் தண்ணி குடுக்க?” என்று சிரித்தான் கணவன்.

குனிந்து தொட்டியைத் துடைக்க அவளுக்குத் தெம்பில்லை. மாலையில் தொட்டி காய்ந்து கிடந்தது. அடுத்த நாளும் ஊற்றிப் பார்த்தாள். அன்றும் காய்ந்தது. அதற்குப் பிறகு அவன் கேலி செய்யவில்லை.

பண்டிகை முடிந்ததும் மரத்தைக் கழற்றி, மூன்று துண்டுகளையும் அது வந்த பெட்டியிலேயே அடுக்கினார்கள். நுனி ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பி வைத்தும் பெட்டி மூடவில்லை. கணவன் டேப் எடுத்து அளந்தான். மூன்றும் சேர்ந்து ஆறே முக்கால் அடி. டேப்பைச் சுருட்டினான்.

“மறுபடியும் நிறுத்திடட்டுமா?”

“நிறுத்துங்க” என்றாள். பெருமூச்சோடு எழுந்துபோய், முதலில் சொம்பை எடுத்து வந்தாள், பிறகு துடைப்பத்தை.