நாற்பதாவது சுற்று

இந்த முறையும் இருபத்திரண்டாவது சுற்றில் கோடு சரிந்தது.

மங்கையர்க்கரசி திரையைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தாள்.

திரைக்குப் பக்கத்தில் ஆராய்ச்சி மாணவி பெனாசிர் நின்றிருந்தாள், குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு. ஒன்றரை வருடத்தில் இது பதினோராவது தடவை.

பேராசிரியர் தேவசகாயம் குரலை உயர்த்தவில்லை. ஒருநாளும் உயர்த்தியவரில்லை. இதே ஆய்வகத்தில், இதே உலையில், இதே தூளை வைத்து மங்கை நாற்பது சுற்று ஓட்டிக் காட்டியிருக்கிறாள், கவனமாகச் செய்கிறவர்களுக்கு வருகிறது என்றார். மார்ச் வரை பார்க்கலாம், அதற்குள் வராவிட்டால் இந்த வேலை பெனாசிருக்குச் சரிப்படாது என்றும் சொன்னார்.

கூட்டத்தில் இருந்த எல்லோரும் மங்கையைப் பார்த்தார்கள். மரியாதையோடு.

அவள் தண்ணீர் குடித்தாள்.

சொல்வதற்கு எளிய வேலைதான். சுண்ணாம்புத் தூள் புகையிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். இன்னும் சூடேற்றினால் விட்டுவிடும். மறுபடி உறிஞ்சும். அது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, துளைகள் அடைபட்டு, தூள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும்; உறிஞ்சும் அளவைக் காட்டும் கோடு சரியும். சாகாத தூள் ஒன்றைச் செய்துவிட்டாள் என்றுதான் மங்கைக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதே ஆய்வகத்தில் வேலையும் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்தது. பெனாசிர் அவள் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நீங்க எழுதி வெச்சபடிதான் செய்யறேன். ஒரு துளி மாத்தல. உங்க கைவாகு எனக்கு வரமாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தப்பு தன்மேல்தான் என்று முழுதாக நம்பிவிட்டவளின் சிரிப்பு.

மங்கை வாயெடுத்தாள்.

ஈரப்பதமாக இருக்கலாம் என்றாள்.

பெனாசிர் உடனே குறிப்பேட்டைத் திறந்து 'ஈரப்பதம்' என்று எழுதிக்கொண்டாள். அடியில் இரண்டு கோடு போட்டாள்.

ஈரப்பதம் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன், பத்தொன்பதாவது சுற்று முடிந்த கையோடு மின்சாரம் போனது. உலை ஆறி, உள்ளே இருந்த தூள் வீணாகிவிட்டது. கருவி அவளுக்கு அந்த ஒரு வாரம்தான். வேலை நேர்காணலுக்கு நான்கு நாள்தான் இருந்தது; முதலிலிருந்து நாற்பதும் ஓட்ட நேரமில்லை. சின்னக் கிண்ணத்திலிருந்த பழைய தூளைக் கொட்டினாள். புதுத் தூளை வைத்தாள். மிச்சச் சுற்றுகளை ஓட்டினாள். இரண்டு கோடுகளையும் சேர்த்து ஒரே கோடாக்கினாள்.

சேர்த்த இடம் தெரியவில்லை. பிறகு ஒருநாள் முழுதாக ஓட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

நாற்பதாவது சுற்று என்று அவள் எழுதியது, புதுத் தூளின் இருபத்தோராவது சுற்று.

இன்னும் ஒன்றே ஒன்று ஓட்டியிருந்தால் கோடு விழுந்திருக்கும்.

அன்று அது அவளுக்குத் தெரியாது. பெனாசிர் மூன்றாவது தடவை தோற்றபோது தெரிந்தது.

அதற்குப் பிறகு எட்டுத் தடவை.

எட்டு முறையும் அவள் பக்கத்தில் நின்று ஆறுதல் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை காபி வாங்கிக் கொடுத்தாள். ஒருமுறை, அந்தப் பெண் அழுதபோது, முதுகைத் தடவிவிட்டாள். அந்தக் கையை இப்போது எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பெனாசிர் மூலையிலிருந்த தொட்டிக்குப் போய்க் கிண்ணங்களைக் கழுவ ஆரம்பித்தாள். பன்னிரண்டாவது தடவைக்கு. குனிந்த முதுகில் சட்டை வியர்த்து ஒட்டியிருந்தது.

மங்கை திரும்பி நடந்தாள்.

பேராசிரியரின் அறை ஆய்வகத்தை ஒட்டியே இருந்தது. உள்ளே போய் நின்றபடியே சொன்னாள். மின்சாரம் போனதை, தூளைக் கொட்டியதை, கோடுகளைச் சேர்த்ததை. குரல் எழும்பவே இல்லை. பாதி அவளுக்கே கேட்கவில்லை.

அவருக்குக் கேட்டது. பேனாவை மூடி வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. எப்போது என்றும் கேட்கவில்லை. அவர் முகத்தில் அவள் எதிர்பார்த்திருந்த அதிர்ச்சி இல்லை.

"அந்தக் கதவச் சாத்திட்டு வந்து உக்காரும்மா."

உட்கார்ந்தால் பேசி முடித்துவிடுவார் என்று அவளுக்குப் புரிந்தது. மெதுவாக, ஒருவருக்கும் சேதமில்லாமல். பெனாசிருக்கு வேறு தலைப்பு ஒன்று கிடைக்கும். கைவாகு இல்லாத பெண் என்ற பெயரும் கூடவே போகும்.

கதவுவரை நடந்தாள். பிடியில் கை வைத்தாள். வெளியே தண்ணீர் விழும் சத்தம்.

சாத்தவில்லை. அங்கேயே நின்று, அவர் பக்கம் திரும்பி, இந்த முறை உரக்கச் சொன்னாள்.

"பெனாசிர் மேல தப்பில்ல சார். நாந்தான் தூள மாத்தினேன்."

முதுகுக்குப் பின்னால் குழாய் நின்றது.

திரும்பிப் பார்க்க அவளால் முடியவில்லை.