ரிப்பேர் கூட

"எங்க ஆளுக்கு ரிப்பேர் ரொம்பக் கூடவாம் அக்கா. நாளைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு டாக்டரு."

விஜயலெட்சுமியின் முகமெல்லாம் பூரிப்பு. பெரியாயிக்கு வயிறு பற்றி எரிந்தது.

"ரிப்பேருன்னா?"

"புத்துநோய் செல்லு ரிப்பேருங்கக்கா. நம்ம தோட்டத்து லொறி ரிப்பேராகி நிக்கல? அது மாதிரி நோயும் நின்னுருச்சு."

இருவருக்கும் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் வீடு. இருவரின் புருஷன்மாருக்கும் ரத்தப் புற்றுநோய். வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஆராய்ச்சிக்கென்று கொழும்புக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு இன்றுதான் வந்திருந்தது.

லயத்தில் முதலில் கரண்டு இழுத்தவள் இந்த விஜயலெட்சுமி. முதலில் டிவி வாங்கியவளும் இவளே. இப்போது புருஷனையும் முதலில் பிழைக்க வைத்துக் கூட்டிப் போகப் போகிறாள். கடவுளுக்குக்கூட ஓரவஞ்சனைதான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே பெரியாயி டாக்டரின் அறைக்குள் போனாள்.

டாக்டர் சிவராசா யாழ்ப்பாணத்துக்காரர். அவளைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்கோ அம்மா. உங்கட மனுசன்ர புற்றுநோய்க் கலத்தில, அதுதான் செல்லில, ரிப்பேர் சரியான குறைவு."

இதைச் சொல்ல ஒரு சிரிப்பு வேறா? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"அது எப்படிங்க ஐயா, அவ புருஷனுக்குக் கூட, எங்க ஆளுக்கு மட்டும் கொறைவா? அவருக்கு என்ன ஊசி போட்டீங்களோ அதையே இவருக்கும் போடுங்க. எங்க ஆளுக்கும் ரிப்பேர் கூடணுங்க."

டாக்டர் திகைத்துப் போனார்.

"என்னம்மா கதைக்கிறீங்கள்? நாங்கள் மருந்து குடுத்து நோய்க் கலத்தை உடைக்கிறம். அதுக்குள்ள இருக்கிற ஒரு என்சைம் உடைஞ்சதைத் திரும்ப ஒட்டிப்போடும். அந்த ஒட்டுற வேலையைத்தான் ரிப்பேர் எண்டு சொன்னனான். அது குறைஞ்சாத்தான் மருந்து பிடிக்கும். உங்கட மனுசன் தப்பிடுவார்."

பெரியாயி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப... கூட இருந்தா?"

வெளியே விஜயலெட்சுமி யாரிடமோ சொல்லிச் சிரிப்பது கேட்டது.

"இனிச் செய்ய ஒண்டுமில்லை எண்டுதான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னனான்," என்றார் டாக்டர். "சொல்லேக்க அந்தப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு என்னைக் கும்பிட்டது. எவ்வளவு மனத்தைரியம் எண்டு நினைச்சன்."