பொது மூலை

அச்சுக்கடைக் கம்ப்யூட்டரைப் போட்டால், எதைத் திறக்க என்று இரண்டு பெயர் வந்து நிற்கும். ஒன்று சவரியின் சிஸ்டம், மற்றது கூட்டாளி மஸ்தானுடையது. ஒருவர் சிஸ்டத்தை மற்றவர் நம்பமாட்டார். நினைவகம் நிரம்பினால் மிச்சத்தை இறக்கிவைக்க டிஸ்க்கில் ஸ்வாப் என்று ஒரு மூலை உண்டு. அது மட்டும் இருவருக்கும் பொது. காலையில் மஸ்தான், மதியத்துக்குமேல் சவரி. எழுந்து போகிறவர், பாதி வேலையோடு தூங்கப் போடாமல், முழுசாக அணைத்து மூலையைக் காலி செய்ய வேண்டும்.

“தூங்கப் போட்டுட்டுப் போயிராதீரும் வே, உம்ம குப்பை மேல என்னால படுக்க முடியாது” என்பார் சவரி.

“உம்ம குறட்டைக்கு என் குப்பை தேவலாம் ஓய்” என்று சிரிப்பார் மஸ்தான்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்த அன்று, மஸ்தான் தூங்கப் போட்டுவிட்டுத்தான் போனார். திரும்பி வரவில்லை.

துக்கம் முடிந்து கடை திறந்ததும் மெக்கானிக் குமரேசன் வந்து பார்த்தான்.

“அவரு பாதியில விட்டதெல்லாம் அந்தப் பொது மூலையிலதான் கெடக்கு, அண்ணாச்சி. உங்க சிஸ்டத்தைத் திறந்தா அழிஞ்சிரும். அவரோடத எழுப்பினா விட்ட எடத்துலயே வந்து நிக்கும். ஆனா ஒரு தடவதான். அப்புறம் மூலை காலி.”

“இப்படிப் பயமுறுத்திப் புது டிஸ்க்கை என் தலையில கட்டப் பாக்கியா? போடே.”

அவனை அனுப்பிவிட்டு சவரி திரையின் முன் உட்கார்ந்தார். இரண்டு பெயர்களும் காத்திருந்தன. எதிலும் கை வைக்கவில்லை. வெயில் சாய்ந்தபோது கல்யாண வீட்டுக்காரர் வந்தார்.

“பத்திரிகை ஆச்சா?”

“நாளைக்கு வாரும்” என்றார் சவரி. “மஸ்தான் நேரம் இன்னும் முடியல.”