டார்ச் இன்னும் தரையைத் தொடவில்லை

லிஃப்ட் மெக்கானிக் பவரை நிறுத்தி, சுவிட்சை மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடிப் பள்ளத்துக்குள் இறங்குவார். இறங்கியதும் அண்ணாந்து பார்ப்பார்.

ஆறு வருடத்துக்கு முன் பன்னிரண்டாவது மாடியில், கூட வேலை பார்த்த அவருடைய அக்கா புருஷன் கையில் டார்ச்சோடு நின்று குரல் கொடுத்தார்: "மாப்ள, பவர் ஆஃப்தானே?"

கீழே டீ குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக், "பண்ணியாச்சு மாமா, லிஃப்ட் மேல ஏறுங்க" என்றார். பண்ணியிருக்கவில்லை. லிஃப்ட் நகர்ந்து ஆள் விழுந்த பிறகுதான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். கால் தவறிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். அக்காவுக்கு அதே கட்டடத்தில் துப்புரவு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். தம்பி மாதிரி உண்டா என்று அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

டார்ச் மட்டும் கிடைக்கவில்லை. முதல் வருடம் அது உச்சியில் சுவரோரமாக ஒரு பொட்டு வெளிச்சமாகத் தெரிந்தது. அடுத்த வருடம் கொஞ்சம் கீழே. விழுகிற பொருளுக்கு உரியபடி வேகம் கூடிக்கொண்டே வந்தது. தரைக்கு வரட்டும், அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று அவர் தள்ளிப்போட்டார்.

இன்று அது கைக்கு எட்டியது. பிடித்தார். பிடியில் வியர்வை இன்னும் காயவில்லை.

"தம்பி, சாப்பாடு ஆறுதுடா!" அக்கா லிஃப்ட் வாசலில் குனிந்து எட்டிப் பார்த்தாள். "உள்ள என்னடா வெளிச்சம்?"

"ஒண்ணுமில்லக்கா, நீ போ."

இரண்டு கைகளாலும் டார்ச்சை மேலே தாங்கினார். அது அவசரமே இல்லாமல் அவரையும் சேர்த்து அழுத்திக்கொண்டு இறங்கியது. முழங்கால் தரையில் பட்டது. அக்கா இன்னும் போகவில்லை.