கொள்ளி வைக்கலையே!

"மல்லாட்டை வண்டி வந்து நிக்குது. எடை போடாம என்னய்யா படிச்சிக்கினு இருக்கே?"

சக்கரபாணி முதலாளி வந்து நின்றதைப் பாண்டுரங்கன் கவனிக்கவே இல்லை. திண்டிவனம் வேர்க்கடலை மண்டியில் எடை போட்டுக் கணக்கு எழுதுகிற ஆள், தராசுக்குப் பின்னால் குந்திக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கையில் மந்திரத் தீவு கதை, ஐந்தாம் பாகம். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வாடகைக்கு எடுத்துப் படிக்கிற புத்தகம்! அதுவும் எத்தனையாவது தடவையோ, அவனுக்கே தெரியாது.

"இளவரசன் நீலகேதன் வெஷம் குடிச்சிட்டான், மொதலாளி."

"செத்தா செத்துட்டுப் போறான். உனக்கு மாமனா, மச்சானா?"

"சாவலைங்க! திரும்பத் திரும்பப் படிச்சிட்டேன். விழுந்தான்னுதான் போட்டிருக்கு. கொள்ளி வெச்சாங்கன்னு ஒரு வரி இல்லையே! பக்கத்துல அவன் வளர்த்த கிளி வேற உக்காந்துக்கினு இருக்கு."

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தேவிட்டார்கள். முதலாளிக்கு வந்ததே கோபம்! புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"மூணு பொண்ணு பெத்தவன்! இன்னொரு தபா இளவரசன், கிளின்னு பேசினே, வூட்டோட போயிடு."

வேலை போனால் அடுப்பு எரியாது. பாண்டுரங்கன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் மனசு கேட்கிறதா? நீலகேதன் பிழைத்தால் மொட்டை போடுவதாகத் திருவக்கரை அம்மனுக்கு யாருக்கும் தெரியாமல் நேர்ந்துகொண்டான்.

ஆறாம் பாகம் வந்தது. நீலகேதன் கண் திறந்துவிட்டான்! சாமி விஷயமாச்சே, கடன் வைக்கலாமா?

"சின்னப் பொண்ணுக்கு ஜொரம், மொதலாளி. பௌர்ணமிக்கு மட்டும் லீவு..."

முதலாளி என்னவோ யோசனையில், அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் தலையாட்டினார். தப்பித்தோம் என்று பௌர்ணமியன்று திருவக்கரைக்குப் பஸ் ஏறிவிட்டான்.

மொட்டை போடுகிற இடத்தில் சரியான கூட்டம். தலையைக் குனிந்து உட்கார்ந்தான். பக்கத்தில் பாதி மொட்டையோடு ஒருத்தர் துண்டால் முகத்தை மூடப் பார்த்தார்.

சக்கரபாணி முதலாளி!

பாண்டுரங்கனுக்கு உயிரே போய்விட்டது. சொன்ன பொய் வெட்டவெளிச்சம். வேலை அவ்வளவுதான்.

"பொ... பொண்ணுக்கு ஜொரம் விட்டுடுச்சுங்க. அதான் வேண்டுதல்..."

"எனக்கும் பேரனுக்கு ஜொரம்தான்" என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

பிறகு முதலாளி அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அவன் எழுந்துட்டான், சரி. அந்தக் கிளிக்கு என்னய்யா ஆச்சு? ஆறாம் பாகம் முழுக்கத் தேடிட்டேன், காணோமே! வர்ற ஆடிக்குத் தீ மிதிக்கிறதா வேண்டிக்கினு இருக்கேன்."